ஐந்து குடித்தனம் இருக்கும் திருவல்லிக்கேணி வீட்டை வாங்கலாமா?

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை வாங்கத் தயாராகிவிட்ட வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. மனைவியும் வேலைக்குப் போகிறார். பதினாறு வருஷமாக வாடகை வீடு. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் 1,450 சதுர அடி மனையில் திண்ணை, ரேழி, முற்றம், மாடி என்று ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. விலை 1 கோடியே 65 லட்சம். வீட்டில் ஐந்து குடித்தனம். கீழே முன்கட்டில் 78 வயது அம்மாள், மகன் மருமகளோடு நாற்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறார். வாடகை 900 ரூபாய். பின்கட்டில் ஒன்று, மாடியில் இரண்டு, திண்ணையை அடைத்து ஒரு தையல்கடை. எல்லாம் சேர்ந்து மாதம் 23,900 வருகிறது. விற்பவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். அவர்களுடைய தங்கை வெளிநாட்டில். "கல்யாணத்தில் நகையெல்லாம் போட்டாச்சு, அவளுக்குப் பங்கு இல்லை, கேட்டால் அப்புறம் ஒரு கையெழுத்து வாங்கித் தருகிறோம்" என்று சொல்கிறார்களாம். வீட்டை வாங்கியது தாத்தா, 1958இல். அவர் 1974இலும் அப்பா 2011இலும் காலமாகிவிட்டார்கள். இருவருமே உயில் எழுதவில்லை. அம்மாவும் இப்போது இல்லை.

பத்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கலாம் என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். குடித்தனக்காரர்களைப் பற்றிக் கேட்டால், "ரிஜிஸ்டர் ஆனதும் தண்ணியைக் கட் பண்ணுங்க, தானா போயிடுவாங்க" என்றாராம். 25 லட்சத்தில் வீட்டைச் சரிசெய்து மாடியில் தாங்கள் குடிபோவது, கீழ்ப் போர்ஷன்களை நல்ல வாடகைக்கு விட்டுத் தவணை கட்டுவது, இதுதான் அவர் திட்டம். கடைசியாக, "அந்தப் பாட்டியிடம் நானே போய்ப் பேசலாமா, அது தப்பா?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதியது நல்லதாயிற்று. சிறுவழக்கு நீதிமன்றத்தில் பல வருஷம் வக்கீலாக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பணம் கைமாறியபிறகுதான் வருகிறார்கள். அந்த வீட்டை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் விலை காலி வீட்டுக்கு உரியது. உங்கள் கைக்கு வரப்போவதோ ஐந்து அடுப்பு எரிகிற வீடு, அதுவும் இன்னும் யார் யாருக்குச் சொந்தம் என்று தீராத வீடு. இந்த இரண்டையும் கிரயத்துக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும்.

தங்கை மட்டும் இல்லை, அத்தையும் இருக்கலாம்

நகை போட்டதால் பெண்ணுக்குப் பங்கு போய்விடாது. உயில் இல்லாமல் 2011இல் இறந்த அப்பாவின் சொத்தில் நான்கு பிள்ளைகளுக்கும் சமபங்கு. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் கிரயப் பத்திரத்தில் அவரும் ஒரு விற்பனையாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். அவரால் நேரில் வர முடியாவிட்டால் இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். "அப்புறம் வாங்கித் தருகிறோம்" என்ற பேச்சுக்குப் பத்திரத்தில் இடமே இல்லை. மூவர் கையெழுத்தோடு வாங்கினால் உங்களுக்கு வருவது முக்கால் பங்குதான். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், வீட்டுக்காரர்களோடு சேர்ந்து குடியேறும் உரிமையைக் கேட்க முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. பாகப்பிரிவினை கேட்டு நீங்கள் வழக்குப் போட்டால், 1893ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி உங்கள் பங்கையே விலை கொடுத்து எடுத்துக்கொள்ள அந்தத் தங்கை கேட்கலாம்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. வாங்கியவர் தாத்தா. அவர் உயில் எழுதாமல் 1974இல் இறந்திருந்தால் அன்றைக்கே அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் பங்கு விழுந்துவிட்டது. அப்பா ஒரே பிள்ளையா? உங்கள் கடிதத்தில் நான்கு இடத்தில் தாத்தா வருகிறார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது ஓரிடத்திலும் இல்லை. ஒரு அத்தை இருந்தால் அவரோ அவருடைய பிள்ளைகளோ கையெழுத்துப் போட்டாக வேண்டும். தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நடுவில் பாகப்பிரிவினையோ விடுதலையோ நடந்திருந்தால் அந்தப் பத்திரம், இவற்றை முதலில் கேளுங்கள். ஆன்லைனில் எடுக்கும் வில்லங்கச் சான்று பொதுவாக 1975க்குப் பிந்தியதைத்தான் காட்டும், உங்களுக்குத் தேவையானதோ 1958இலிருந்து. பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய புத்தகங்களைத் தேடச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை நிறையப் பேருக்கு உண்டு. பதிவு ஆகாத வாடகை ஒப்பந்தம், பெட்டியில் கிடக்கும் உயில், பாக்கி வரி, எதுவுமே அதில் வராது.

மனை யாருடையது?

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பழைய ரசீதுக் கட்டில் "மனை வாடகை" என்று இரண்டு ரசீது பார்த்தேன் என்று. இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் கட்டடம் ஒருவருடையது, அடியில் இருக்கும் மனை கோயிலுடையது என்ற நிலை ரொம்பச் சகஜம். அப்படி இருந்தால் இந்த அண்ணன் தம்பிகளால் கட்டடத்தைத்தான் விற்க முடியும். கோயில் மனையை விற்பதற்கோ நீண்ட குத்தகைக்கு விடுவதற்கோ 1959ஆம் வருஷத்து அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதி வேண்டும். மனை வாடகையை அறநிலையத் துறை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி நிர்ணயிக்கலாம், பழைய பாக்கியும் உங்கள் தலையில் விழும். "அறுபது வருஷமா அனுபவிக்கிறோம்" என்ற வாதமும் கோயில் சொத்தில் எடுபடாது, அங்கே காலவரம்பு ஓடாது. வாடகை மனையில் சொந்தக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு 1921ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு பாதுகாப்புக் கொடுத்தது. 1996 திருத்தத்துக்குப் பிறகு கோயில் மனைகளுக்கு அதுவும் கிடையாது.

எனவே நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 1958 கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தை வரி வரியாகப் படியுங்கள், "மேற்படி மனையும் கட்டடமும்" என்று இருக்கிறதா, "கட்டடம் மாத்திரம்" என்று இருக்கிறதா. அந்த இரண்டு ரசீதுகளையும் போட்டோ எடுத்து உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். மனை கோயிலுடையது என்று தெரிந்தால் 1.65 கோடி என்ற பேச்சையே அதோடு விட்டுவிடலாம்.

குடித்தனக்காரர்கள்

முதலில் ஒரு பயத்தைப் போக்குகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் குடியிருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகைக்கு வந்தவர் நாற்பது வருஷம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். அடுத்தது, புரோக்கர் சொன்ன தண்ணீர் யோசனை. அதை மனதில்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர், கரண்ட் போன்ற அடிப்படை வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் வருஷத்து நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. செய்தால் வாடகை அதிகாரியிடம் புகார் போகும், உங்கள் மீதே உத்தரவு வரும். சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், 78 வயது மனுஷிக்குக் குழாயை மூடிவிட்டு அந்த வீட்டில் உங்களால் விளக்கேற்ற முடியுமா?

1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் இந்தப் புதிய சட்டம்தான் நடப்பில் இருக்கிறது, குடியிருப்புக்கும் கடைக்கும் சேர்த்தே. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். உங்கள் ஐந்து பேரில் யாரிடமும் அது இல்லை போலத் தெரிகிறது. ஒப்பந்தம் போட இரு தரப்பும் இணங்காமல் போனதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம்தான். வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, சொந்தக் குடியிருப்புக்குத் தேவை, ஆள் இருக்கையில் செய்ய முடியாத பழுதுவேலை என்று மற்ற காரணங்கள் 21ஆம் பிரிவில் இருக்கின்றன. ஆக, சட்டம் உங்கள் கையைக் கட்டிப்போடவில்லை. ஆனால் எந்தக் காரணமானாலும் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவர்கள் பதில் போட்டு, மேல்முறையீடு வரைக்கும் போகலாம். அந்தக் காலம் முழுக்க நீங்கள் தவணையும் கட்டுவீர்கள், இப்போதைய வாடகையும் கொடுப்பீர்கள்.

பழுதுவேலைக்காகக் காலி செய்பவர் வேலை முடிந்ததும் திரும்பி வருவது இருவரும் எழுதி ஒத்துக்கொண்டால்தான் உண்டு. அதனால் அவர்களிடம், "ஆறு மாசத்துல திரும்ப வந்துடலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிடாதீர்கள். சொல்வதானால் எழுதிக் கொடுங்கள், எழுதிக் கொடுக்க மனமில்லையென்றால் சொல்லவே வேண்டாம். பாட்டிக்கு வயதாகிவிட்டது, அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் போர்ஷன் தானாகக் கைக்கு வரும் என்ற கணக்கும் கடிதத்தில் லேசாகத் தெரிகிறது. அந்தக் கணக்கு வேண்டாம். மகனும் மருமகளும் அங்கேயே இருக்கிறார்கள், அப்போதும் நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும்.

விற்பவர்களிடம் இரண்டு விலை பேசுங்கள். ஐந்து போர்ஷனும் காலியாகச் சாவி கொடுத்தால் ஒரு விலை, குடித்தனத்தோடு என்றால் அதைவிட நன்றாகக் குறைந்த விலை. காலி செய்து தருகிறோம் என்றால் கிரயத்துக்கு முன்பே அவர்கள் செய்யட்டும். குடித்தனத்தோடு வாங்குவதானால், யார் எந்தப் போர்ஷன், என்ன வாடகை, எவ்வளவு அட்வான்ஸ் என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். குடித்தனக்காரர்கள் கொடுத்திருக்கும் அட்வான்ஸ் மொத்தத்தையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாளைக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான். இத்தனாம் தேதி முதல் வாடகையை இவரிடம் கொடுக்கவும் என்று ஐவருக்கும் பழைய வீட்டுக்காரர்கள் கையெழுத்தில் கடிதம் போக வேண்டும். இந்த ஒரு தாளை வாங்காமல் விட்டு, தான் வீட்டுக்காரர் என்பதை நிரூபிக்கவே இரண்டு வருஷம் அலைந்த ஒருவருக்கு நான் வழக்கு நடத்தியிருக்கிறேன்.

அட்வான்ஸும் கணக்கும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. தகராறு என்று வந்தால் பத்து லட்சத்தைத் திருப்பி வாங்குவதே பெரும்பாடாகிவிடும். நான்கு பேரும், தேவைப்பட்டால் அத்தை வழியினரும், கையெழுத்திட்ட பதிவு ஒப்பந்தம் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 1.65 கோடிக்கு மட்டும் 14 லட்சத்து 85 ஆயிரம், அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு அதைவிடக் கூட இருந்தால் அந்த மதிப்பின் மேல் கணக்கிடுவார்கள். இது உங்கள் பட்ஜெட்டில் இல்லை. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவர்கள் பங்கில் 1 சதவிகிதம் வரி பிடித்துக் கட்ட வேண்டியதும் நீங்கள்தான். வெளிநாட்டில் வசிக்கும் தங்கையின் பங்குக்கு இந்த 1 சதவிகிதக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் அதிகம். பணம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

ஒரு கோடி கடனுக்கு, 8.5 சதவிகித வட்டியில் 20 வருஷத்துக்கு, மாதத் தவணை கிட்டத்தட்ட 87,000. இன்றைய வாடகை 23,900. நீங்கள் மாடிக்குக் குடிபோனால் அந்த இரண்டு போர்ஷனின் வாடகையும் போய்விடும். கீழே வாடகையை இரண்டு மடங்காக்கினாலும் தவணையில் பாதியை எட்டாது. ரிப்பேர் செலவை வாடகை வருமானத்தில் கழித்து வரியை மிச்சப்படுத்தலாம் என்று எழுதியிருப்பதும் நடக்காது. கார்ப்பரேஷன் வரி போக மீதியில் 30 சதவிகிதத்தை மொத்தமாகக் கழிக்க விடுவார்கள், நீங்கள் ஐந்து ரூபாய் செலவழித்தாலும் ஐந்து லட்சம் செலவழித்தாலும் அந்த 30தான். உங்கள் இருவர் சம்பளத்திலிருந்தே முழுத் தவணையும் கட்ட முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

அந்த மெட்ராஸ் டெரஸ் கூரை

நான் இன்ஜினியர் இல்லை, ஆனால் பழைய வீட்டு வழக்குகளில் நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனரின் ஆய்வுக்கு நிறையப் போயிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய போட்டோவில் கூடத்துக் கூரையில் தேக்குக் கட்டைகள் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றின் மேல் மெல்லிய செங்கலைக் குத்தாகச் சாய்வாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்கு மேல் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு இடித்த செங்கல் ஜல்லிக் காரை, கடைசியில் தட்டோடு. நல்ல நிலையில் இருந்தால் இன்னும் எத்தனையோ வருஷம் நிற்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் கட்டையின் நுனியில்தான், சுவருக்குள் நுழையும் இடத்தில். கூரையில் இறங்கும் தண்ணீர் சுவர் வழியாக அங்கேதான் தேங்கும். ஏணி போட்டு ஏறி அந்த நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தேக்கு இரும்பு மாதிரி தடுக்கும். செல்லோ ஈரமோ பிடித்தது என்றால் பிளேடு புட்டுக்குள் போவதுபோல உள்ளே போகும்.

மூன்றாவது போட்டோவில் பின்கட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் பொரி பொரியாக உதிர்ந்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவரின் மேல் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இப்படி வெடிக்கிறது. மேஸ்திரி இன்னொரு கோட் சிமென்ட் பூசலாம் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். பூசியதை உரித்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பு பூசுகிற ஆள் சென்னையில் இன்னும் கிடைக்கிறார்கள். அந்த மாடியில் இப்போது இருக்கும் 2,000 லிட்டர் தண்ணீர் டேங்க் எந்தச் சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறது, இல்லை கட்டைகளின் நடுவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டன் எடை அது. கட்டட உறுதி பார்க்கும் இன்ஜினியர் ஒருவரை, கான்ட்ராக்டர் சிபாரிசில் வராதவராகப் பிடித்து, கிரயத்துக்கு முன்பே அறிக்கை வாங்குங்கள். 25 லட்சம் போதுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், புரோக்கர் இல்லை.

பக்கத்து வீட்டுச் சுவர் பொதுச் சுவர் என்றால், வேலை தொடங்கும் முன் அவர்களையும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னாளில் இடித்துவிட்டு மூன்று மாடி போடலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, இடித்தால் இன்றைய கட்டட விதிகள்தான் பொருந்தும். தெருவின் அகலத்தைப் பார்த்துத்தான் உயரம் கொடுப்பார்கள். இப்போது இருக்கும் அளவுகூடத் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

பாட்டியிடம் பேசுவது

தப்பே இல்லை, கண்டிப்பாகப் போய்ப் பேசுங்கள். விற்பவர்களிடம் சொல்லிவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் போங்கள். புரோக்கர் வேண்டாம். வீட்டை வாங்கலாமா என்று யோசிக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எப்போது காலி செய்வீர்கள் என்று அன்றைக்குக் கேட்க வேண்டாம். எப்போதிலிருந்து இருக்கிறீர்கள், யாரிடம் வாடகை கொடுத்தீர்கள், மழைக்கு எங்கே ஒழுகும், எந்த மாதம் தண்ணீர் வராது, இதையெல்லாம் கேளுங்கள். கூரையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. பழைய வாடகை ரசீதோ நோட்டோ வைத்திருந்தால் பார்க்கலாமா என்று கேளுங்கள். தாத்தா இறந்தபிறகு குடும்பத்தில் யார் யார் வந்து வாடகை வாங்கினார்கள் என்பது அந்த நோட்டுக் கையெழுத்துகளில் இருக்கக்கூடும், அத்தை விஷயம்கூட அங்கேதான் முதலில் தெரியவரலாம்.

பிற்பாடு காலி செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தால், அதே பகுதியில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைக்க எவ்வளவு அட்வான்ஸ், எவ்வளவு வாடகை ஆகும் என்று நீங்களே விசாரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அவருக்கு டாக்டரும் கோயிலும் அந்த நாலு தெருவுக்குள்தான் இருக்கும். கொடுக்கும் தொகையை எழுதி, பாதியைக் கையெழுத்தன்றும் மீதியைச் சாவி கொடுக்கும் நாளிலும், மகனையும் சாட்சியாக வைத்து வங்கி மூலமாகவே கொடுங்கள். போக முடியாது என்று அவர் சொன்னால் முன்கட்டை அவரிடமே விட்டுவிட்டு, புது ஒப்பந்தம் போட்டு, கட்டுப்படியாகும் ஒரு வாடகையை நிர்ணயித்து, பின்கட்டிலிருந்து வேலையை ஆரம்பிக்க முடியுமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். 1958 பத்திரத்தின் நகலும் நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகலும் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.